தலையில் அடிபட்ட பிள்ளை மறுபடி மைதானத்தில் இறங்கும் வரை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உதைபந்தாட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், உயர்ந்து வந்த பந்தைப் பிடிக்கப் பாய்ந்த எங்கள் கோல் காப்பாளன், எதிரணிப் பையன் ஒருவனின் முழங்காலில் தலை மோதி விழுந்தான். அவன் மயங்கவில்லை, இரத்தமும் வரவில்லை. அரை நிமிடத்துக்குள் தானாகவே எழுந்து கையுறையைச் சரிசெய்துகொண்டு, விளையாட முடியும் என்றான். நான் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகில் தட்டி உள்ளே அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "சேர், இப்ப எத்தன கோலு?" என்று கேட்டான். சொன்னேன். சற்று நேரத்தில் அதையே மறுபடி கேட்டான். மூன்றாவது தடவையும் அதே குரலில், முதல் தடவை கேட்பவனைப் போலவே அவன் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் குணமாக ஐந்து வாரங்கள் ஆயின. அடிபட்டது யாருடைய குற்றமும் அல்ல. திரும்ப உள்ளே அனுப்பியது என்னுடைய குற்றம். அதே தவறை இன்னொரு பொறுப்பாசிரியரோ பெற்றோரோ செய்யாதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை, பிறகு நான் வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

வைத்தியர்கள் மூளை அதிர்ச்சி என்று அழைப்பதை நம் பக்கத்தில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. "மண்டையில அடிபட்டு ஒரு மாதிரியா இருக்கான்" என்போம், அல்லது "தலை கிறுகிறுக்குதாம்" என்போம். பெயர் இல்லாததால் அதை ஒரு காயமாகவே நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அது காயம்தான். மண்டையோட்டுக்குள் மூளை இறுக்கிப் பொருத்தி வைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு திரவத்தின் நடுவில் இருக்கின்றது. தலையிலோ முகத்திலோ, ஏன், நெஞ்சிலோ தோளிலோ விழும் அடிகூட தலையைச் சட்டென்று உலுக்கினால், உள்ளே மூளையும் உலுக்குண்டு நரம்பிழைகள் இழுபடுகின்றன. கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும் தயிர்ச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் கீறல்கூட விழுந்திருக்காது. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்குமே தவிர, உள்ளிருக்கும் மூளை உலுக்குப்படாமல் காக்காது என்பதற்கும் இதுவே காரணம். கடினபந்து ஆடும் பிள்ளை தலைக்கவசம் போட்டிருந்தானே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

உலுக்கப்பட்ட நரம்புக் கலங்கள் தம்மைச் சீராக்கிக்கொள்ள வழக்கத்தைவிட அதிக சக்தியைக் கேட்கின்றன. அதே நேரத்தில் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டமோ குறைந்திருக்கின்றது. இந்த வரவு செலவு சரிப்பட நாட்கள் ஆகும், வாரங்களும் ஆகலாம். அந்த இடைவெளிக்குள் இன்னோர் அடி விழுவதுதான் அபாயம். மிக அரிதாக, வளரும் வயதினரிடம், முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடியால் மூளை வேகமாக வீங்கி உயிரே போயிருக்கின்றது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் றோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது றக்பி வீராங்கனை, சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு 2013இல் இறந்தார். அந்த மாகாணம் 2018இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டத்தை இயற்றியது.

மைதானத்தில் எதைப் பார்ப்பது

மயங்கி விழுந்தால்தான் மூளையில் அடி என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். மூளை அதிர்ச்சிக்கு உள்ளாவோரில் பத்தில் ஒருவர் அளவுக்கே நினைவிழக்கின்றனர்; மற்றவர்கள் கண் திறந்தபடியே, நின்றபடியே, சில வேளை பந்தை உதைத்தபடியே அதற்கு உள்ளாகின்றனர். ஆகவே அடி விழுந்த உடனே பிள்ளையின் நடையையும் முகத்தையும் பேச்சையும் பார்க்க வேண்டும். எழும்போது தரையைத் தடவுகின்றானா, தலையைப் பிடித்துக்கொள்கின்றானா, கால் பின்னுகின்றதா, பார்வை எங்கோ நிலைகுத்தி நிற்கின்றதா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வழக்கத்தைவிட நேரம் எடுக்கின்றானா, எந்தப் பக்கம் தன் அணியுடையது என்று தடுமாறுகின்றானா என்பவற்றை வெளியில் நிற்பவர்தான் காண முடியும். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், மங்கலான பார்வை, வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியாமை, "மூளை பனி மூடின மாதிரி இருக்கு" என்ற உணர்வு ஆகியவற்றை அவன்தான் சொல்ல வேண்டும். அவன் பெரும்பாலும் சொல்ல மாட்டான்.

ஏன் சொல்ல மாட்டான் என்பதை நாம் உணர்ந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு வலய மட்டப் போட்டியில் ஆட ஒரு வாய்ப்புக் கிடைப்பது சிறு காரியம் அல்ல. அந்தச் சப்பாத்தும் பெரும்பாலும் யாரிடமிருந்தோ வாங்கி வந்ததாக இருக்கும். வெளியே எடுத்தால் அடுத்த வாரம் இடம் போய்விடும் என்று அவன் பயப்படுகின்றான். அது மட்டுமல்ல, அடிபட்ட மூளையே அவன் நிலையை அவனுக்கு மறைக்கின்றது. எனவே "ஏலுமா?" என்று கேட்பது கேள்வியே அல்ல. "ஏலும் சேர்" என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

அதற்குப் பதிலாக, அவுஸ்திரேலியாவில் உருவாகி உலகெங்கும் பயன்படும் ஐந்து கேள்விகள் உள்ளன. இது எந்த மைதானம், இப்போது முதற்பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகக் கோல் அடித்தது யார், போன போட்டி எந்த அணியோடு, அதில் நாம் வென்றோமா? பொது அறிவைச் சோதிக்கும் கேள்விகள் இங்கே உதவா. அடிபட்டவன் தன் பெயரையும் தாயின் பெயரையும் சரியாகச் சொல்லிவிடுவான், புதிய நினைவுதான் முதலில் நழுவும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இவை அவ்வளவு பொருந்தா. அவர்களிடம் இப்போது எங்கே இருக்கின்றோம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, கடைசிப் பாடம் என்ன, வகுப்பாசிரியர் பெயர் என்ன என்று கேட்கலாம். ஒரு பதில் பிழைத்தாலும் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். ஆனால் ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் மற்ற அறிகுறிகளில் ஒன்று இருந்தால் அப்போதும் வெளியேதான். இந்தக் கேள்விகளை யாரும் உள்ளே திரும்பும் அனுமதிச் சீட்டாகப் பயன்படுத்தக் கூடாது.

அறிகுறிகள் பிந்தியும் வரும். 2019 ஓகஸ்ட்டில் லண்டன் லோர்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தின் ஜொப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தருகே தாக்கியபின், அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் அணி வைத்தியர்களின் சோதனைகளில் தேறி அன்றே மறுபடி துடுப்பெடுத்தாடினார். மறுநாள் காலையில்தான் தலைவலி தொடங்கியது. போட்டியிலிருந்து விலக்கப்பட்ட அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் வரலாற்றில் மூளை அதிர்ச்சிக்கான முதல் மாற்று வீரர் அவரே. அத்தனை வசதிகளோடு இருந்த அணியினாலேயே அன்று மாலை கண்டுகொள்ள முடியாததை, ஒரு விசிலும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்கும் நாம் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முயல வேண்டியதில்லை. சந்தேகம் ஒன்றே போதும். அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி இறங்குவதில்லை.

உடனே வைத்தியசாலைக்கு

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருந்து பார்ப்பது கூடாது. கழுத்து வலி, இரட்டையாகத் தெரிதல், கைகால்களில் பலவீனமோ விறைப்போ, நேரம் போகப் போகக் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, சுயநினைவிழத்தல், தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போதல், வழக்கத்துக்கு மாறாக முரண்டு பிடித்து அடிக்க வருதல் ஆகிய எதுவாயினும் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும், அது இலவசம். வழி சொல்லும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் வண்டி மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையில் அலையும். பிரிவின் பெயர், தொழிற்சாலை அல்லது கோவில், பிரதான வீதியிலிருந்து எந்தத் திருப்பம் என்பவற்றையும் சொல்லி, ஒருவரைச் சந்தியில் நிறுத்தி வையுங்கள்.

வாந்தியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நம் வீதிகளில் சாதாரண நாளிலேயே பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வருவதற்குள் பொலித்தீன் பை தேடாத வகுப்பு இல்லை. போட்டி முடிந்து திரும்பும்போது அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால் "பஸ்ஸு ஒத்துக்கல" என்று விட்டுவிடுவது மிக எளிது. அப்படி விட்டுவிடாதீர்கள்; அவனை பஸ்ஸின் பின்வரிசையில் நண்பர்களோடு அனுப்பாமல், உங்கள் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

விழுந்து கிடக்கும் பிள்ளையை ஆளுக்கொரு கையும் காலுமாகத் தூக்கி ஓரத்தில் போடுவது நம் வழக்கம். கழுத்தெலும்பில் பாதிப்பு இருந்தால் அந்தத் தூக்கலே கைகால்களை முடக்கிவிடலாம். மூச்சு வருகின்றதா என்று பாருங்கள். வருகின்றதென்றால், தலையையும் கழுத்தையும் இரு கைகளால் அசையாமல் பிடித்தபடி, உதவி வரும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். தலைக்கவசத்தை இழுத்துக் கழற்ற வேண்டாம். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், அதற்கு மூன்று நான்கு பேர் வேண்டும். வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் பயன் எதுவும் இல்லை, வாயில் எதையும் வைக்கவும் கூடாது. மழை பெய்கின்றது என்றால் அவன் மேல் படங்கைப் பிடியுங்கள், அவனை மழைக்குப் புறம்பாக இழுக்காதீர்கள்.

அபாய அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளையையும் அன்றே ஒரு வைத்தியருக்குக் காட்டுவது நல்லது. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடாமல், டிக்கோயா, நுவரெலியா, பதுளை என எது அருகில் இருக்கின்றதோ அந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தாய் தகப்பனைத் தனியே அனுப்பாதீர்கள். தலை எப்படி வலிக்கின்றது, எத்தனை தடவை வாந்தி என்பதைச் சிங்களத்தில் விளக்க முடியாமல், "ஒலுவ ரிதெனவா" என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிட்ட பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அடிபட்ட நேரம், அடிபட்ட விதம், நினைவு தப்பியதா, தப்பியிருந்தால் எவ்வளவு நேரம், எதை மறந்தான், வாந்தி எத்தனை, முன்பு எப்போதாவது தலையில் அடிபட்டதா என்பவற்றைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

சி.டி. ஸ்கேன் எடுத்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார்கள் என்றால், இரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்பதே அதன் பொருள். மூளை அதிர்ச்சி ஸ்கேனில் தெரியாது. ஒன்றுமில்லை என்ற அந்த ஒரு சொல்லை நம்பி மறுவாரமே ஆடவிட்ட பெற்றோர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள் வீட்டில்

முதல் 24 மணித்தியாலமும் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. இரவு தூங்கவிடக் கூடாது என்பது பழைய பேச்சு. வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை தூங்கலாம், தூக்கம் அவனுக்கு நல்லதும்கூட. லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், எல்லோரும் ஒரே காம்பராவில் (அறையில்) படுப்பதால் இரவுக் காவல் சிரமம் இல்லை. சிரமம் காலையில்தான். தாயும் தகப்பனும் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போய்விட்டால் பகலில் அவனைப் பார்ப்பது யார்? "ஒரு நாள் பேர் போயிருமே", அதாவது ஒரு நாள் சம்பளம் போய்விடுமே, என்ற கவலை நியாயமானது. பாட்டியோ பக்கத்துக் காம்பராக்காரரோ இருந்தால், மேலே சொன்ன அபாய அறிகுறிகளை அவர்களிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். யாரும் இல்லையென்றால் அந்தப் பேர் போனாலும் பரவாயில்லை என்றே நான் பெற்றோரிடம் சொல்வேன். மலைக்கு மேல் நிற்கும் தாய்க்குச் செய்தி போய் அவர் இறங்கி வருவதற்கே அரை மணித்தியாலம் ஆகும்.

தலைவலிக்கு வைத்தியர் சொன்ன அளவில் பெனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கலாம்; அஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்றவற்றை வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள், அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். கோடாலித் தைலம் தடவுவதால் கெடுதி இல்லை, ஆனால் அது சிகிச்சையும் இல்லை. முதல் இரண்டு நாள் தொலைபேசித் திரையை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் அழுவார்கள். அதற்காக இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பதும் பிழை. அப்படிப் படுக்கவைத்தால் குணமாவது தாமதமாகின்றது என்று இப்போது தெரிந்திருக்கின்றது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு தாங்கும் அளவுக்கு நடமாட்டம் என்பதே முறை.

படிப்புக்குப் பிறகே பந்து

வகுப்புக்குத் திரும்பாத பிள்ளை மைதானத்துக்குத் திரும்பக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. முதலில் அரை நாள் வரட்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, அதாவது தலையை நிமிர்த்தித் தாழ்த்தி நிமிர்த்தித் தாழ்த்தி எழுதுவது, தலைவலியைக் கூட்டும். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். தவணைப் பரீட்சையை ஒத்திவைக்க அதிபரிடம் பேசுங்கள். சாதாரண தர வகுப்பென்றால் மாலை டியூஷனைச் சில நாள் நிறுத்தும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். எரிச்சல், அழுகை, கவனம் சிதறல் ஆகியவையும் காயத்தின் பகுதியே. "அடிபட்டதச் சாட்டி ஏமாத்துறான்" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் அங்கேயே திருத்த வேண்டியது பொறுப்பாசிரியரின் வேலை.

விளையாட்டுக்குத் திரும்ப ஆறு படிகள் வகுக்கப்பட்டுள்ளன. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச மாநாடு இவற்றைப் புதுப்பித்தது. அன்றாட நடமாட்டம், இலேசாகத் தொடங்கி நடுத்தர அளவுக்கு உயரும் உடற்பயிற்சி, யாரும் மோதாத தனிப் பயிற்சி, அணியோடு மோதலில்லாப் பயிற்சி, முழுப் பயிற்சி, போட்டி என்ற வரிசையில் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம் தேவை. முதல் மூன்று படிகளில் இலேசான அறிகுறி இருந்தாலும் மெல்ல முன்னேறலாம். பயிற்சிக்கு முன் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள், பிறகும் கேளுங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினாலோ, ஏறியது ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்காவிட்டாலோ அன்றைக்கு நிறுத்தி மறுநாள் பார்க்கலாம். நான்காம் படிக்குப் போக அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது. வைத்தியரின் சம்மதமும் வேண்டும். பாடசாலை மட்டத்தில் நான் பின்பற்றுவது பிரித்தானியா 2023இல் சாதாரண விளையாட்டு வீரர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டலை: அடிபட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்கு முன் போட்டி இல்லை, ஓய்வில் இருக்கும்போது அறிகுறியே இல்லாமல் 14 நாட்கள் கழியாமல் மோதல் உள்ள பயிற்சியும் இல்லை. 21 என்பது மிகக் குறைந்த அளவு. வளர்ந்தவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அதிக நாள் எடுக்கும், நான்கு வாரம் ஆவது வழமைதான். அதற்கு மேலும் அறிகுறிகள் நின்றால் மறுபடி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இந்தப் படிகளை எழுதியவர்கள் சமதரையில் வாழ்பவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. "இலேசான நடை" என்று அவர்கள் எழுதுவது நம் மலைகளில் எங்கே இருக்கின்றது? லயத்திலிருந்து பாடசாலைக்கு இருநூறு படிக்கட்டும் ஒரு குறுக்குப் பாதையும் ஏறும் பிள்ளை, புத்தகப் பையோடு, காலை ஏழரைக்கே இரண்டாம் படியைக் கடந்துவிடுகின்றான். ஆகவே எங்கள் கோல் காப்பாளனுக்கு முதல் வாரம் தகப்பனோடு சுற்றுப்பாதையில் மெதுவாக வரச் சொன்னேன், பையை அண்ணன் தூக்கினான். விறகு சுமப்பதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் மரமேறுவதும் நிறுத்தப்பட்டன. மரமேறுவதில் மட்டும் அவன் பொய் சொன்னான் என்பது பின்னர் தெரியவந்தது.

மைதானத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மலையை வெட்டிச் சமன் செய்த நம் மைதானங்களில் எல்லைக் கோட்டுக்கு இரண்டடி அப்பால் கான் (வடிகால்) ஓடும், அதற்கப்பால் தேயிலைச் செடிகளின் கவாத்து வெட்டிய கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லே என்ற, பந்தைக் கம்பால் அடித்து ஓடும் நாட்டு விளையாட்டில் பந்தைத் துரத்திக் கானுக்குள் விழுந்து தலையில் அடிபட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். எல்லைக் கோட்டை உள்ளே தள்ளிப் போடுங்கள். கோல் கம்பத்தில் பழைய உரச் சாக்குகளை வைக்கோலோடு கட்டுங்கள். பனிமூட்டத்தில் பந்து தெரியாவிட்டால் விளையாட்டை நிறுத்துங்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தலையால் முட்டும் பயிற்சி கொடுக்க வேண்டாம். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் 2020லேயே அதை நிறுத்திவிட்டனர்.

எங்கள் முதலுதவிப் பையில் இப்போது நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கின்றது. தலையில் அடிபட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: திகதி, நேரம், யார் பார்த்தது, ஐந்து கேள்விக்கும் சொன்ன பதில், வகுப்புக்குத் திரும்பிய நாள், ஒவ்வொரு படியும் தொடங்கிய நாள். இரண்டாம் தடவை அடிபடும் பிள்ளைக்கு முதல் தடவையைவிட அதிக காலம் கொடுக்க வேண்டும், அந்த முதல் தடவை எப்போது என்று அவனுக்கே ஞாபகம் இருக்காது. வேறு பாடசாலைக்கு மாறிப் போகும் பிள்ளையின் பக்கத்தை நகலெடுத்து, விடுகைப் பத்திரத்தோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.